மரம் முதலில், ஊஞ்சல் பிறகு

திருச்சி பாலக்கரையைச் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுக்கு முன்னால் மண் தெரியும் இடம் அரிது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசலைத் தாண்டினால் தார்ச்சாலை, சாலை நிறைய வண்டிகள். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு மொட்டைமாடி உண்டு. அதுவும் இல்லையென்றால் கைபேசிதான். கொஞ்சம் காலி இடம் கிடைத்தால் குடியிருப்போர் சங்கமோ பள்ளியோ உடனே செய்வது, தரையைச் சிமென்ட் போட்டு மூடி, வண்ணம் அடித்த சறுக்குமரத்தையும் ஊஞ்சலையும் நட்டுவைப்பதுதான். பங்குனி, சித்திரை வந்ததும் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் போகாது.

விளையாட்டு இடத்துக்கு முதல் தேவை நிழல். அடுத்தது மண். கருவிக்கு மூன்றாவது இடம்தான். இந்த வரிசையை மாற்றினால் செலவழித்த பணம் வெயிலில் காயும். வரிசையாகச் செய்தால் மாடி, கொல்லை, பள்ளி வளாகம், தெருமுனை என்று எந்த இடமும் பிள்ளைகள் விளையாடும் தோட்டமாகும். வீட்டுக்குக் காய்கறியும் கிடைக்கும்.

உச்சிவெயில் கணக்கு

சறுக்குமரத்தை வடக்குப் பார்த்து வைத்தால் வெயில் படாது என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது சரி. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும். திருச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரிக்குள் இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியில் வருகிறது. அன்று நட்டுவைத்த கம்பத்துக்கு நிழலே விழாது. அதன் பிறகு ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும் வரை, நான்கு மாதங்களுக்கு நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. கோடை விடுமுறை முழுவதும் இந்தக் காலத்துக்குள் அடங்கிவிடும். வடக்குப் பார்த்த சறுக்குமரமும் அப்போது தப்பாது.

மே மாதத்தில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்கள் திருச்சிக்குப் புதிதல்ல. காற்றே அப்படி என்றால், வெயிலில் கிடக்கும் இரும்புத் தகடு எவ்வளவு சுடும் என்பதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிளாஸ்டிக் சறுக்குமரமும், தரையில் ஒட்டும் ரப்பர் விரிப்பும்கூடச் சூடாகும். குழந்தையின் தோல் மெல்லியது. சூடு உடனே பட்டுவிடும். ஆகவே தலைக்கு மேலே கூரை வேண்டும். மரம்தான் மலிவான, நீண்ட நாள் நிற்கும் கூரை.

நம் பக்கத்து மண்ணுக்கு வேம்பு, புங்கம், பூவரசு, நாவல் நன்றாக வரும். சீக்கிரம் நிழல் வேண்டுமானால் புங்கனும் பூவரசும் வைக்கலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி இருக்கும்படி குழி எடுத்து, சில நாட்கள் ஆறப்போட்டு, மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, கார்த்திகைக்குள் நட்டுவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடிக்கும். கருவி வைக்கப்போகும் இடத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் மரம் இருந்தால் பிற்பகல் முழுவதும் நிழல் கிடைக்கும். மரம் வளரும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தென்னங்கீற்றுப் பந்தலோ பசுமை நிழல்வலையோ போதும்.

சிற்றில், சிறுதேர், ஊசல்

பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரிக்கின்றன. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுதேர் என்ற பருவங்கள் உண்டு. பெண்பாலில் ஊசல் உண்டு. மணலில் வீடு கட்டுவது, சிறிய தேர் உருட்டுவது, ஊஞ்சல் ஆடுவது. மூன்றும் வாசலிலும் தோப்பிலும் நடக்கும் விளையாட்டுகள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவானைக்கா அகிலாண்டநாயகிக்கு ஒரு பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் ஐப்பசியில் ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கன்று சிறுவர்கள் சப்பரம் இழுக்கிறார்கள்.

கடையில் வாங்காத விளையாட்டுப் பொருட்களும் ஏராளம். பூவரசு இலையைச் சுருட்டினால் பீப்பி. நுங்கு சீவிய பனங்கூந்தல் இரண்டும் ஒரு குச்சியும் சேர்ந்தால் வண்டி. தென்னை ஓலையில் காற்றாடி, வாழை மட்டையில் துப்பாக்கி, புளியங்கொட்டையில் பல்லாங்குழி. இவை எல்லாவற்றுக்கும் ஒரு மரமோ செடியோ அருகில் இருந்தாக வேண்டும். மரம் போனதும் விளையாட்டும் போனது.

மேலூர் காட்டும் வழி

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள காப்புக்காட்டில், வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. 25 ஏக்கர் அளவுக்கு விரிந்த இடம். சிறுவர்களுக்கு விளையாட்டுக் கருவிகளும் உண்டு. ஆனால் அங்கே போகும் பிள்ளைகள் மறக்காமல் வீடு திரும்பிச் சொல்வது பூச்சிகளைப் பற்றித்தான்.

அந்தப் பூங்காவின் அடிப்படையை நம் மாடியிலும் பின்பற்றலாம். வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு வகைச் செடி வேண்டும். தேன் குடிக்கப் பூச்செடி ஒன்று. முட்டையிட்டுப் புழு தின்று வளர இலைச்செடி இன்னொன்று. பூச்செடியை மட்டும் வைத்தால் பூச்சி வந்து குடித்துவிட்டுப் போய்விடும். இலைச்செடியும் இருந்தால்தான் அங்கேயே பெருகும்.

கறிவேப்பிலைச் செடி ஒன்று இருந்தால் கறிவேப்பிலை அழகி என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். எலுமிச்சை, நாரத்தைச் செடிகளுக்கு எலுமிச்சை அழகி வரும். சிறிய புழுக்கள் பறவையின் எச்சம் போலவே இருக்கும். பறவையை ஏமாற்றுவதற்கான வேடம் அது. வளர்ந்ததும் பச்சை நிறமாகும். தொட்டால் தலைப்பக்கத்திலிருந்து நிறமுள்ள கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நாற்றம் அடிக்கும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சியாகச் சுமார் ஒரு மாதம் ஆகும். ஒரு தொட்டிச் செடியும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் அந்த மாதம் முழுவதும் பிள்ளைக்கு வேலை இருக்கும். தேனுக்கு இட்லிப்பூ, செம்பருத்தி, சாமந்தி வைக்கலாம்.

ஒரு நிபந்தனை: அந்தச் செடிகளில் பூச்சிக்கொல்லி அடிக்கக் கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலும் புழுவைப் பாதிக்கும். கறிவேப்பிலையில் பத்து இலையைப் புழு தின்றால் தின்னட்டும் என்று விடவேண்டும். சமையலுக்குத் தனியாக ஒரு செடி வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

மாடிக்கு எது சரி?

பாலக்கரை போன்ற நெருக்கமான பகுதியில் பெரும்பாலோருக்குத் தோட்டம் என்றால் மாடிதான். அங்கே மணல்தொட்டி வைக்கும் ஆசை பலருக்கு வரும். முதலில் எடையைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கன அடி மணல் சுமார் 45 கிலோ. நீளமும் அகலமும் 5 அடி, ஆழம் 1 அடி என்று ஒரு தொட்டி கட்டினால் 25 கன அடி. அதாவது 1,100 கிலோவுக்கு மேல். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்குப் பொறியாளர்கள் பொதுவாகக் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. இந்த மணல்தொட்டி சதுர மீட்டருக்கு 480 கிலோவைத் தாண்டிவிடும். பழைய வீட்டில் நினைத்தே பார்க்கக் கூடாது.

மணலுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு வைக்கலாம். 5 கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் சுமார் 70 லிட்டர் அளவுக்கு விரியும். எடை குறைவு, கையில் ஒட்டாது. ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி, தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, சிறிய வாளி கொடுத்துவிட்டால் சிறு பிள்ளைகள் மணிக்கணக்கில் விளையாடுவார்கள். விளையாடி அலுத்தபின் அதே நார்க்கழிவைத் தொழு உரத்தோடு கலந்து செடிப் பைக்குப் போடலாம். உப்பு நீங்க இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிவது அவசியம்.

மாடியில் ஊஞ்சல், சறுக்குமரம் வேண்டாம். கைப்பிடிச் சுவரிலிருந்து 3 அடிக்குள் பிள்ளை ஏறி நிற்கக்கூடிய தொட்டி, பெட்டி, நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது. செடிப் பைகளைச் சுவரோரம் அடுக்குவதுதான் பலருடைய வழக்கம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதுவே படியாகிவிடும்.

பந்தல் வீடு

தரையில் கொஞ்சம் மண் இருப்பவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு பச்சைக் குடிசை கட்டித் தரலாம். 7 அடி நீள மூங்கில் அல்லது சவுக்குக் கழி ஆறு போதும். நாலரை அடி விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, கழிகளை 1 அடி ஆழத்தில் ஊன்றி, நுனிகளை மேலே சேர்த்துக் கட்ட வேண்டும். சணல் கயிற்றைச் சுற்றிலும் அரையடிக்கு ஒன்றாக ஓட்டிக் கட்டினால் கொடிக்கு ஏணி தயார். ஓர் இடைவெளியை மட்டும் வாசலுக்காகக் கயிறு கட்டாமல் விட வேண்டும்.

கழிகளின் அடியில் மக்கிய உரம் இட்டு, பீர்க்கை, புடலை, அவரை, சங்குப்பூ என்று ஆளுக்கொரு கழியாகப் பிள்ளைகளே விதைக்கட்டும். குழிக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்தபின் நல்ல நாற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். ஆறு ஏழு வாரத்தில் இலை மூடி உள்ளே நிழல் தட்டும். சிற்றில் என்று நூல்கள் சொன்னது மணல் வீட்டை. இது இலை வீடு. புடலம்பிஞ்சு வளைந்து போகாமல் இருக்க அதன் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது விவசாயிகளின் பழக்கம். அந்த வேலையை ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்துப் பாருங்கள், தினமும் காலையில் எழுந்ததும் போய் அளந்து பார்க்கும்.

மாடியில் தனியாக நிற்கும் கூடாரம் ஆடிக் காற்றுக்குத் தாங்காது. படிக்கட்டு அறையின் சுவரை ஒட்டி ஒரு பக்கப் பந்தல் போட்டு, கீழே நான்கு செடிப் பைகளில் கொடி விட்டால் போதும்.

பிள்ளைகளின் பொறுமைக்கு ஏற்ற பயிர்

சின்னப் பிள்ளையிடம் மாங்கன்றைக் கொடுத்துக் காய்க்கும் வரை காத்திரு என்றால் நடக்காது. முதலில் சீக்கிரம் பலன் தரும் பயிர் வேண்டும். பச்சைப்பயறு ஈரத் துணியில் ஒரே இரவில் முளைவிடும். வெந்தயக்கீரையும் முளைக்கீரையும் 25 நாட்களுக்குள் பறிக்கலாம். முள்ளங்கி 45 நாளில் மண்ணிலிருந்து பிடுங்கும் சந்தோஷத்தைத் தரும். வெண்டையும் 45 நாளுக்குப் பிறகு காய்க்கத் தொடங்கும். நாளுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் முற்றிவிடும் என்பதால் பிள்ளைக்குத் தினசரி வேலை கிடைக்கும். விரல்களுக்குப் பிடிபடும் பெரிய விதைகளான அவரை, பூசணி, வெண்டை ஆகியவை நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றவை. கீரை விதையை மணலோடு கலந்து தூவச் சொல்லலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியை மனப்பாடம் செய்யவைப்பதைவிட முளைப்பாரி போடவைப்பது நல்லது. மண் சட்டியில் தானியங்களை விதைத்து, எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று பார்ப்பது விதைப்புக்கு முன் விதையின் தரத்தைச் சோதிப்பதே. பத்து விதையில் எட்டு முளைத்தால் அந்த விதை 80 சதவீத முளைப்புத் திறன் உள்ளது. கணக்குப் பாடமும் இதில் வந்துவிடுகிறது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாலக்கரை வழியாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரைக் கடந்து, வாழவந்தான்கோட்டை வரை போய்ப் பாசனம் தருகிறது. நகருக்குள் அதில் கழிவுநீர் கலப்பதால் அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் கையாளும் கீரைச் செடிக்கு எடுக்க வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் ஒரு மாடித் தோட்டத்துக்குப் பெரிய உதவி.

ஊஞ்சல் கட்டும் முன்

மரம் வளர்ந்து, தரையில் மண் இருந்தால் ஊஞ்சல் கட்டலாம். முருங்கையில் கட்டக் கூடாது. கிளை சொல்லாமல் ஒடியும். வேம்பு, புளி, மாமரங்களில் காய்ந்து போகாத, ஆள் தொடை அளவு பருமனுள்ள கிளை வேண்டும். கயிறு உராயும் இடத்தில் கோணிச் சாக்கைச் சுற்றினால் கிளையும் கயிறும் தப்பும். பலகைக்கும் தரைக்கும் ஒன்றரை அடி இருக்கட்டும். கட்டிய உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் சுவர், கல், வேலி எதுவும் இருக்கக் கூடாது. 8 அடி உயரத்தில் கட்டினால் இரு பக்கமும் 16 அடி. இந்த இடம் இல்லாதவர்கள் ஊஞ்சலை விட்டுவிட்டுப் பந்தல் வீட்டோடு நின்றுகொள்ளலாம்.

கீழே சிமென்ட் கூடாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, 4 அடி உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கக் குறைந்தது 9 அங்குல ஆழத்துக்குத் தளர்ந்த மணல் வேண்டும் என்கிறது. மணல் மிதிபட்டு இறுகும். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும். இரவில் வலையோ தார்ப்பாயோ போட்டு மூடாவிட்டால் பூனையும் நாயும் அசுத்தம் செய்யும். அதிலிருந்து குடற்புழு பிள்ளைகளுக்குத் தொற்றும்.

பழைய டயரில் விளையாட்டுக் கருவி செய்வது மலிவு. பெங்களூருவின் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் அமைப்பு இப்படிப் பல பள்ளிகளுக்குச் செய்து தந்திருக்கிறது. ஆனால் டயருக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும். தரையில் படும் பக்கத்தில் நான்கைந்து பெரிய துளைகள் போடாமல் எந்த டயரையும் வைக்கக் கூடாது. கம்பி தெரியும் டயரைக் கழித்துவிட வேண்டும்.

இந்தச் செடிகள் வேண்டாம்

அழகுக்காக வைக்கும் செடிகளில் சில உயிருக்கே ஆபத்தானவை. மஞ்சள் அரளியின் கொட்டை கொடிய விஷம், செவ்வரளியும் அப்படியே. ஊமத்தைக் காய், ஆமணக்கு விதை, காட்டாமணக்கு விதை ஆகியவற்றைப் பிள்ளைகள் கடலை என்று நினைத்துத் தின்றுவிடுவது உண்டு. பல்லாங்குழிக்கு எடுக்கும் குன்றிமணியைக் கடித்து மென்றால் ஆபத்து. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் புளியங்கொட்டையே போதும். எருக்கு வண்ணத்துப்பூச்சிக்கு நல்லது, ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். வேலிக்கு வெளியே நிற்கட்டும். எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். 108-ஐ அழைத்து, தின்ற இலை அல்லது காயின் துண்டை மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.

பள்ளிக்கும் ஒரு பாத்தி

ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் சிறு பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நிலையத்துக்கு 1840-ல் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லுக்கே குழந்தைகளின் தோட்டம் என்றுதான் பொருள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தி தரவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. இன்று நம் ஊர்களில் கிண்டர்கார்டன் என்ற பலகை தொங்கும் பல இடங்களில் ஒரு சாண் மண் இல்லை.

மண்ணில் விளையாடுவது உடம்புக்கும் நல்லது என்பதற்குப் பின்லாந்தில் ஒரு சோதனை நடந்தது. பத்துக் குழந்தைகள் காப்பகங்களைச் சேர்ந்த, 3 முதல் 5 வயது வரையுள்ள 75 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சில காப்பகங்களின் சரளைத் தரையில் காட்டு மண்ணும் புல்லும் செடித் தொட்டிகளும் வைத்தார்கள். 28 நாட்களில் அங்கே விளையாடிய பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர்களின் வகை கூடியது; நோய் எதிர்ப்பு ஆற்றல் சீராக இயங்குவதற்கான அறிகுறிகள் இரத்தத்தில் தெரிந்தன. முடிவு 2020-ல் வெளியானது. சிறிய ஆய்வுதான், என்றாலும் மண்ணைத் தொடாதே என்று அதட்டும் முன் யோசிக்கவைக்கிறது. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் மட்டும் மாறக் கூடாது.

பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க மத்தியக் கல்வித் துறை 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வகுப்புக்கு ஒரு பாத்தி ஒதுக்கி, நட்ட நாள், முளைத்த நாள், பறித்த எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதவைத்தால் அதுவே அறிவியல் பாடம். முருங்கையும் கீரையும் சத்துணவுக் கூடத்துக்குப் போகலாம்.

திருச்சிக்காரர்களுக்கு விதைக்கும் ஆலோசனைக்கும் அலைய வேண்டியதில்லை. சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் வேளாண்மைக் கல்லூரியும் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் உள்ளன. தோட்டக்கலைத் துறை செடி வளர்ப்புப் பை, தென்னை நார்க்கட்டி, விதை அடங்கிய மாடித் தோட்டத் தொகுப்பை மானியத்தில் வழங்கும் காலங்கள் உண்டு. வட்டார அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காந்தி மார்க்கெட் பக்கம் போனால் கோணிச் சாக்கு, காய்கறிப் பெட்டி, கயிறு எல்லாம் கிடைக்கும்.

தெருவில் நான்கு குடும்பம் சேர்ந்தால் விளையாட்டுக் கருவிக்கு வசூல் செய்வதற்கு முன் இரண்டு புங்கன் கன்று நடுங்கள். கூண்டு அமைத்து, தண்ணீர் ஊற்றும் முறையைப் பிள்ளைகளிடமே பிரித்துக் கொடுங்கள். முதல் ஆண்டு பந்தல் வீடும் கீரைப் பாத்தியும் போதும். கன்று கிளைவிட்டு நிழல் தரையைத் தொடும் ஆண்டில் ஊஞ்சலுக்குப் பணம் சேர்க்கலாம். தண்ணீர் ஊற்றி வளர்த்த பிள்ளைகளே அதில் முதலில் ஆடட்டும்.